ஒரு ஸ்பூன் சிரப்பும் ஒரு கையெழுத்தும்

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளையில் 2026 ஜனவரி முதல் வாரம் நடந்த மாதாந்தரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "சார், ஹெல்த், ஸயன்ஸ், பாலிடிக்ஸ், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கோ. இருபது நிமிஷம். அப்புறம் டிபன்" என்றார். மூன்றையும் ஒரே பாட்டிலில் அடைத்த விஷயம் ஒன்று 2025ஆம் வருஷம் நடந்து, நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ரிடையர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அபிப்பிராயம் சொல்வதற்கு இப்போது யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

இங்கிருந்து சிந்த்வாரா சுமார் 125 கிலோமீட்டர். நம்மில் பலர் பச்மடிக்குப் போகும்போது அந்த வழியாகப் போயிருப்போம். அந்த ஜில்லாவில் பராசியா என்ற ஊரைச் சுற்றி, 2025 செப்டம்பரில் சின்னக் குழந்தைகளுக்கு ஜுரமும் ஜலதோஷமும் வந்தன. மழைக்கால முடிவில் எந்த வீட்டில் வராது? டாக்டரிடம் காட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் ஜுரம் இறங்கியது. ஆனால் குழந்தை மூத்திரம் போவது நின்றுவிட்டது. பெற்றோர் கடனை வாங்கிக்கொண்டு நாக்பூருக்கு ஓடிவந்தார்கள். பல குழந்தைகள் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில்தான் கண்ணை மூடின. மொத்தம் இருபதுக்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். எலி, கொசு என்று எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். நாக்பூர் டாக்டர்கள் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பிறகுதான், இது கிருமி செய்த வேலை இல்லை, ஏதோ விஷம் என்று தெரிந்தது. குழந்தைகள் குடித்தது கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப். தயாரித்தது ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் என்ற கம்பெனி. இடம், காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரம்.

காஞ்சிபுரம் என்றால் நமக்கு வரதராஜர், காமாக்ஷி, மடம், கல்யாணப் புடவை. காலையில் என்னுடன் வாக்கிங் வரும் மராட்டி நண்பர் ஒருவர், நல்ல மனுஷர், பத்திரிகையை நீட்டி "ஆப்கே காஞ்சிபுரம் வாலே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் ரேஷன் கார்டு, ஓட்டு, பென்ஷன் எல்லாம் இங்கே. ஆனாலும் ஒரு ஜில்லாவின் பேரைச் சொன்னதும் நான்தான் பதில் சொல்லவேண்டியவன் போல நின்றேன். "உங்க பக்கம் டாக்டர் எழுதிக் கொடுத்தார் இல்லையா" என்று திருப்பிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, டி.வி.யில் இரண்டு மாநில மந்திரிகள் பேசியதும் நாங்கள் இருவர் பேசியதும் ஒன்றாகவே இருந்தது. போபாலிலிருந்து சென்னையைக் கை காட்டினார்கள். சென்னையிலிருந்து போபாலையும் டெல்லியையும் காட்டினார்கள்.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பாரசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது. சிரப்பாகக் கொடுக்க வேண்டுமானால் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரி ஏதாவது ஒன்றில் கரைக்க வேண்டும். இவை மருந்துத் தரத்தில் கிடைக்கும், தொழிற்சாலைத் தரத்திலும் கிடைக்கும். இரண்டாவது மலிவு. இவற்றுக்குப் பங்காளி போல டை எத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று உண்டு. பிரேக் ஆயில், பெயிண்ட், ரெஸின் தொழில்களில் பயன்படுவது. நிறம் கிடையாது, பிசுபிசுப்பாக இருக்கும், நாக்கில் வைத்தால் தித்திப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாலும் மூக்காலும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. உடம்புக்குள் போனதும் டைகிளைகாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கிறது.

அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் அந்த சிரப்பில் கண்டது 48.6 சதவீதம். அதாவது வரம்பைப் போல் 486 மடங்கு. ஒரு டீஸ்பூன், ஐந்து மில்லியில், ஏறக்குறைய இரண்டரை கிராம் விஷம். இதைப் பத்திரிகைகள் கலப்படம் என்று எழுதின. பாலில் தண்ணீர் விடுவதுதான் கலப்படம். இங்கே பாட்டிலில் பாதி பிரேக் ஆயில் சரக்கு.

தமிழ்நாட்டு இலாகாவை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்தது அக்டோபர் 1ஆம் தேதி, சரஸ்வதி பூஜை அன்று. அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். மறுநாள் விஜயதசமி, காந்தி ஜயந்தி, இரட்டை விடுமுறை. அன்றே ரிசல்ட் வந்துவிட்டது. மத்திய சுகாதார அமைச்சகமோ 3ஆம் தேதி, தாங்கள் சோதித்த மாதிரிகளில் அந்த விஷம் இல்லை என்று அறிக்கை விட்டது. அவர்கள் எடுத்தது வேறு மாதிரிகள்.

ஆனால் அதே தமிழ்நாட்டு இலாகாதான் அந்தத் தொழிற்சாலைக்கு லைசென்ஸ் கொடுத்தது. குழந்தைகள் போன பிறகு உள்ளே நுழைந்தவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள். முந்நூறு குறை ஒரே ராத்திரியில் முளைக்குமா? ஒரு நாளில் கண்டுபிடிக்க முடிந்ததை ஏன் அத்தனை வருஷம் கண்டுபிடிக்கவில்லை? லைசென்ஸை ரத்து செய்தார்கள், முதலாளியைக் கைது செய்தார்கள், மருந்து ஆய்வாளர்கள் இருவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது, அதில் நான் தலையிடவில்லை.

இது புதிதாக நடந்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். 1937இல் அமெரிக்காவில் மாஸங்கில் என்ற கம்பெனி, சல்ஃபனிலமைட் மருந்தைக் குழந்தைகளும் குடிக்கிற மாதிரி திரவமாக்க, இதே டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. ராஸ்பெரி வாசனை சேர்த்தார்கள். ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை, சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைய சட்டப்படி அந்தக் கம்பெனி மீது போட முடிந்த வழக்கு என்ன தெரியுமா? எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் ஆல்கஹால் இல்லை, ஆகவே லேபிள் தவறு! அதைத் தயாரித்த கெமிஸ்ட் பிற்பாடு தற்கொலை செய்துகொண்டார். அரசாங்கத்தின் இன்ஸ்பெக்டர்கள் நாடு பூராவும் வீடு வீடாகப் போய் பாட்டில்களைத் திரும்பச் சேகரித்தார்கள். அடுத்த வருஷமே, 1938இல், புதிய சட்டம் வந்தது. நமக்கு மருந்துச் சட்டம் 1940இல் வந்தது, அதுவும் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு நம் நாட்டில்? 1972இல் சென்னையில் குழந்தைகள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரின் குடித்த பதினான்கு நோயாளிகள். நீதிபதி லென்டின் கமிஷன் விசாரித்து, கொள்முதலிலிருந்து மந்திரி வரை ஒருவரையும் விடாமல் எழுதினார். நீதிபதிகள் எழுதிய அறிக்கைகளில் அவசியம் படிக்க வேண்டியது அது. 1998இல் குர்காவ்ன் பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்மு உதம்பூர் ஜில்லா ராம்நகரில் பத்துக்கும் மேல். 2022இல் நாம் ஏற்றுமதி செய்த சிரப்பைக் குடித்து காம்பியாவில் எழுபது குழந்தைகள் போல, அதே வருஷக் கடைசியில் உஸ்பெகிஸ்தானில். எல்லாவற்றிலும் இதே குடும்பத்து விஷம்தான்.

காம்பியா விஷயத்தில் நாம் நடந்துகொண்டது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டதும், இது பாரத மருந்துத் தொழிலுக்கு எதிரான சதி என்று நம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே எத்தனை பேர் எழுதினோம்! நானும் அதில் ஒரு கட்டைவிரல் போட்டேன். தேசபக்திக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபிக்கும் என்ன சம்பந்தம்? சரி, அதற்கப்புறம் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2023 ஜூன் 1 முதல், இருமல் சிரப்பை ஏற்றுமதி செய்வதற்கு முன் அரசாங்கம் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஏற்றுமதிக்கு மட்டும். உள்நாட்டில் விற்பதற்குக் கம்பெனி தானே சோதித்து, தானே எழுதி, தானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆப்பிரிக்கக் குழந்தைக்குக் கிடைத்த காவல் சிந்த்வாரா குழந்தைக்குக் கிடையாதா? அந்நியச் செலாவணி நின்றுவிடும் என்றால் உடனே விழித்துக்கொள்கிற அரசாங்கம், பராசியாவிலிருந்து செலாவணி வராது என்பதால் தூங்கிற்று என்று சொன்னால், கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. 2003இல் டாக்டர் மஷேல்கர் கமிட்டி, மருந்து லைசென்ஸை மாநிலங்களிடமிருந்து எடுத்து ஒரே மத்திய அமைப்பின் கீழ் கொண்டுவரச் சொன்னது. அதன் பிறகு டெல்லியில் எல்லாக் கட்சியும் ஆண்டாயிற்று. இன்றும் ஒரு மாநிலத்தில் லைசென்ஸ், மற்ற மாநிலங்களிலும் விற்பனை. திருத்தப்பட்ட ஷெட்யூல் எம் என்கிற தயாரிப்பு விதிகள் 2023 டிசம்பரில் வந்தன. சிறு கம்பெனிகளுக்குக் கஷ்டம் என்று 2025 டிசம்பர் 31 வரை அவகாசத்தை நீட்டினார்கள். சுங்குவார்சத்திரம் அந்த அவகாசத்துக்குள்தான் நடந்தது.

இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டிவிட்டேன். இனிமேல் என்னைப் பற்றி.

2025 செப்டம்பரில் என் பேரனுக்கு, மூன்று வயது, நல்ல இருமல். ராத்திரி தூங்கவில்லை. என் மாட்டுப்பெண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் மார்பில் ஸ்டெத் வைத்துப் பார்த்து, மருந்தே வேண்டாம், வெந்நீரும் மூக்குக்கு உப்புத் தண்ணீரும் போதும், நாலைந்து நாளில் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மருந்துகூட எழுதாத டாக்டர் என்ன டாக்டர் என்று எனக்குக் கோபம். தெருமுனைக் கடைக்குப் போய், குழந்தைக்கு இருமல் சிரப் கொடு என்றேன். சீட்டு இருக்கா என்று அவனும் கேட்கவில்லை, என்ன வயசு என்றும் கேட்கவில்லை.

"அப்பா, டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரே. நான் குடுக்கமாட்டேன்" என்றாள் மாட்டுப்பெண்.

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்மா. உங்க ஆத்துக்காரனை இப்படித்தான் வளர்த்தேன்" என்றேன். 1971இல் திருச்சியில் வாங்கிய பி.எஸ்ஸி. பட்டத்தை ஒரு குழந்தையின் இருமலுக்கு எதிராக எடுத்து வீசினேன்.

அவள் பதில் பேசவில்லை. பாட்டிலை ஃபிரிட்ஜின் மேலே, என் கைக்கும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை நடந்தாள். நான் மூன்று நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் பேரனுக்கு இருமல் நின்றுவிட்டது.

அக்டோபர் முதல் வாரம் செய்தி வந்ததும் ஸ்டூல் போட்டு அந்த பாட்டிலை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வேறு கம்பெனி. ஆனால் உள்ளே இருந்தவை கோல்ட்ரிஃபில் இருந்த அதே வகை: குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின். கீழே பொடி எழுத்தில், நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. 2023 டிசம்பரிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தச் சேர்க்கைக்கு அந்த எச்சரிக்கையைப் போடச் சொல்லிவிட்டது. கடைக்காரன் படிக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவனும் படிக்கவில்லை. அதிலும் அந்த ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதே, அதை வாயால் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பிரயோஜனமில்லை என்று 2023இல் அமெரிக்க நிபுணர் குழு ஏகமனதாகச் சொல்லிவிட்டது. உள்ளே விஷமே இல்லாவிட்டாலும் அந்த பாட்டிலால் என் பேரனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை, தூக்கம் வருவதைத் தவிர. 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவை இயக்ககமும் இரண்டு வயதுக்குக் கீழே இருமல் ஜலதோஷ மருந்துகளே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மாட்டுப்பெண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. இங்கே மைக்கில் சொல்லிவிடுகிறேன், அம்மா, நீ செய்ததுதான் சரி.

(இந்த இடத்தில் ஒரு மாமி, "சுக்கு கஷாயம் கொடுத்தா ஆச்சு, எதுக்கு சிரப்" என்றார்.) மாமி சொல்வது பெரியவர்களுக்குச் சரி. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் ராத்திரி இருமல் தணிகிறது என்று ஆராய்ச்சியே இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதில் பாட்யூலிசம் என்ற ஆபத்து உண்டு. கைக்குழந்தைக்குக் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தடவுகிறோமே, அதையும் நிறுத்துங்கள், கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். நம் பாட்டி வைத்தியம் என்பதால் மட்டும் எதற்கும் தனி மன்னிப்பு கிடையாது. பாட்டில் மேல் ஆயுர்வேதம் என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் சுத்தமாகிவிடாது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 1986 மார்ச் கடைசி வாரம், ஜீப்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக் ஆயில் பீப்பாய்கள் வந்தன. விதிப்படி, பத்துக்கு ஒரு பீப்பாயைத் திறந்து மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்த பிறகு 'தரம் சரி' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். லேப் ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம் ஆகும். மார்ச் 31 தாண்டினால் பணம் காலாவதி. மேலதிகாரி, "சப்ளையரோட டெஸ்ட் சர்ட்டிபிகேட் இருக்கோன்னோ, அதை வெச்சுண்டு போடுமய்யா" என்றார். நானும் போட்டேன். ஒரு பீப்பாயின் மூடியைக்கூடத் திறக்காமல், 'மாதிரி எடுத்துச் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது' என்று என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. வண்டிகள் ஓடின, பிரேக் பிடித்தது. ஒன்றும் ஆகாததால்தான் அடுத்த மார்ச்சிலும் போட்டேன், அதற்கடுத்த மார்ச்சிலும் போட்டேன். அதே 1986இல் பம்பாய் கிளிசரின் செய்தியைப் பத்திரிகையில் படித்து, டிபன் ரூமில் "என்ன அக்கிரமம், யாருமே டெஸ்ட் பண்ணலையா" என்று உரக்கப் பேசியவனும் நான்தான். என் மேஜையில் இருந்த ஃபைல் அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. முப்பத்தொன்பது வருஷம் கழித்து, 48.6 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்த அன்று ராத்திரிதான் வந்தது. சுங்குவார்சத்திரத்திலும், அதற்கு சரக்கு விற்ற வியாபாரியிடமும், ஆய்வு செய்ய வேண்டிய ஆபீஸிலும், எங்கேயோ ஒருவர் இப்படித்தான் ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பேனா எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

சும்மா பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை என்று, அக்டோபர் கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டேன். மூன்றே கேள்வி. 2023 ஜூன் முதல் இந்த ஜில்லாவின் கடைகளிலிருந்து குழந்தைகள் சிரப் மாதிரிகள் எத்தனை எடுத்தீர்கள்? அவற்றில் டை எத்திலீன் கிளைக்காலுக்கு எத்தனை சோதித்தீர்கள்? ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆயிற்று? முப்பதாம் நாள் சரியாக பதில் வந்தது, அந்த மட்டில் மெச்ச வேண்டியதுதான். 'கோரப்பட்ட வடிவில் தகவல் தொகுக்கப்பட்டு வைக்கப்படவில்லை.' இந்த வாக்கியத்தை நானே சர்வீஸில் எத்தனை தடவை டிராஃப்ட் செய்திருக்கிறேன் என்பதால் அர்த்தம் புரிந்தது. மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு வரும் 22ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு மராட்டி பேச வரும், எழுத்து மராட்டியில் சட்ட பாஷை வராது. நம் உறுப்பினர்களில் மருந்துக் கம்பெனியில் தர ஆய்வில் இருந்தவர்கள் இரண்டு பேராவது உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர்களும், மராட்டியில் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் அன்று என்னுடன் வர முடியுமானால், டிபன் சமயத்தில் என்னிடம் சொல்லுங்கள். ஆட்டோ செலவு என்னுடையது. அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோகப் போகிறேன், இன்னும் சீல் உடைக்கவில்லை.